கூப்பிட்டதும் வந்தவர்

திகில் கதை சொல்கிறவன் முதலில் தான் பயந்திருக்க வேண்டும். அந்தத் தகுதி எனக்கு இல்லை. தைரியசாலி என்று யாரும் அவசரப்பட்டு நினைத்துவிட வேண்டாம்; குளியலறையில் பல்லியைப் பார்த்தால் சோப்பு நுரையோடு வெளியே ஓடி வருகிற ஆள்தான் நான். ஆனால் இந்தக் கதையில் பயப்பட வேண்டிய இடம் எதிலும் எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதுதான் கதையே. பயப்படுகிற வேலை முழுவதையும் என் மனைவி ஷீலா ஒருத்தியே பார்த்துக்கொண்டாள்.

ஏப்ரல் மாத வெயிலில் தேனியை ஒட்டின பழனிசெட்டிபட்டியில் வந்து இறங்கினோம். போர்ச்சுகல் நாட்டில் போர்த்தோ என்கிற ஊரில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு, ஆளுக்கு இரண்டு பெட்டியோடு. வீடு ஷீலாவின் அக்கா இவாஞ்சலின் பார்த்து வைத்தது. ஒரு காலத்தில் யாரோ மில் மேனேஜர் குடியிருந்தாராம். உயரமான கூரை, சிவப்புச் சிமெண்டுத் தரை, மேற்கே பார்த்த ஒரு பெரிய ஜன்னல். அதன் பக்கத்தில் முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன ஒரு பிரம்பு நாற்காலி. வெளியே வெயிலில் வெளுத்துப்போன காலி மனை, அதற்கப்பால் மலை. பக்கத்து வீட்டு கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. குமுளி போகிற பஸ்கள் ஹாரனை அழுத்திக்கொண்டே போயின. பேய் இருக்கிற வீட்டுக்கு உண்டான லட்சணம் ஒன்றுகூட இல்லை.

ஷீலா பால் காய்ச்சினாள். ஜெபம் பண்ணினாள். பெட்டியைத் திறக்கப் போனவள், மேற்கு ஜன்னல் பக்கத்தில் சட்டென்று நின்றாள்.

"ஏங்க, வாடை அடிக்குது."

"எலி செத்திருக்கும்."

"இல்லீங்க. ஆத்து வாடை."

"வைகையா? அதுல தண்ணி இருந்தாத்தானே வாடை இருக்கும்."

"நம்ம ஆறு இல்லீங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அங்கத்த ஆறு."

நானும் மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. துணியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்றேன். அவளும் நம்பினாள். வந்து இறங்கின அன்றைக்கே வேறு எதை நம்புவது?

அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். போர்த்தோ, ஆறு கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில், கரைச் சரிவில் ஏறி உட்கார்ந்திருக்கிற ஊர். எங்கே போவதானாலும் ஒன்று ஏற வேண்டும், இல்லாவிட்டால் இறங்க வேண்டும். நேராக நடக்க வழியே கிடையாது. குளிர்காலத்தில் ஆற்றிலிருந்து கிளம்புகிற மூடுபனி படிக்கட்டு ஏறி வந்து கதவிடுக்கில் மூக்கை நுழைக்கும். கடற்காகங்கள் கூரைமேல் நின்றுகொண்டு, யாரோ குழந்தையைக் கிள்ளிவிட்ட மாதிரி கத்தும். அங்கே ஒரு மசாலா இறக்குமதிக்காரரின் குடோனில் எனக்கு வேலை. போன முதல் வாரமே அவர்கள் பாஷையில் பாதி எனக்குத் தெரியும் என்று ஷீலாவிடம் பீற்றிக்கொண்டேன். சாவி, ஜன்னல், மேசை, அலமாரி எல்லாம் அங்கேயும் கிட்டத்தட்ட அதேதான். எப்போதோ கப்பலில் வந்து நம் வீடுகளில் தங்கிவிட்ட சொற்கள். "மிச்சப் பாதி?" என்று கேட்டாள் ஷீலா. அதற்குத்தான் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று.

தேனியை விட்டுக் கிளம்பினபோது, பஸ் ஆண்டிபட்டியைத் தாண்டுவதற்குள் தூங்கிப்போனவன் நான். அந்த ஊரை விட்டு வருவது அப்படி இல்லை. முதலாளிக்கு வயதாகி, குடோனை மூடினார். கடைசி வாரம் முழுக்க ஊர் சுற்றி விடைபெற்றேன். மீன்காரம்மாவிடம் சொன்னேன். முடி வெட்டுகிறவரிடம் சொன்னேன். என் தலையில் அவருக்கு மிச்சமிருந்த வேலை கொஞ்சம்தான், ஆனாலும் அவர் கண் கலங்கினார். ஆற்றின் மேலே இருக்கிற பெரிய இரும்புப் பாலத்தின் நடுவில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வரட்டுமா?" என்று தமிழில் கேட்டேன். பாலம் பதில் சொல்லவில்லை. ஒரு போலீஸ்காரர்தான் நான் இறங்கிப் போகிறவரைக்கும் கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே வந்தார்.

கிளம்புகிற நாள் காலையில் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, எதிர்ச்சாரியில் இருந்த கடையில் கடைசிக் காபியைக் குடித்துக்கொண்டு நின்றேன். ஷீலா மேலே மூன்றாம் மாடியில் வீட்டைக் கூட்டிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். அவள் வேறொரு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

போடியில் ஷீலாவின் அம்மா வழியில் ஒரு பழக்கம் உண்டு. குழந்தை எங்கேயாவது விழுந்து பயந்துவிட்டால், அதே இடத்துக்குப் போய் நின்று, பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். "வா, வீட்டுக்குப் போவோம்." பயத்தில் அங்கேயே நின்றுபோன உயிர் பின்னாலேயே வந்துவிடுமாம். திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். வீடு மாறும்போதும் இதே முறைதான். இருந்தவர்கள் ஒவ்வொருவர் பேரையும் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் கதவைப் பூட்டுவார்கள். சபைக்குப் போகிற குடும்பம் என்பதால் கடைசியில் ஒரு பரமண்டல ஜெபத்தையும் சேர்த்துக்கொள்வார்கள். பாஸ்டர் காதுவரைக்கும் விஷயம் போகாது.

ஷீலா காலி அறையின் நடுவில் நின்று எங்கள் மகள் ஜான்சியைக் கூப்பிட்டாள். ஜான்சி போன வருஷமே மதுரையில் காலேஜுக்கு வந்துவிட்டவள், இருந்தாலும் கூப்பிட்டாள். தன் பேரைத் தானே சொல்லித் தன்னையும் கூப்பிட்டுக்கொண்டாள். அடுத்தது என் முறை.

இங்கேதான் சிக்கல். எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஷீலா ஒரு தடவைகூட என் பேரைச் சொன்னதில்லை. போர்த்தோவில் குடியேற்ற அலுவலகத்தில் புருஷன் பேர் என்ன என்று கேட்டதற்கு, என் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினாள். அந்த அதிகாரி அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கல்யாணமே போலி என்று எழுதாமல் விட்டது அவருடைய பெருந்தன்மை.

ஆகவே காலி அறையிலும் வழக்கம்போலவே கூப்பிட்டாள்.

"ஏங்க. வாங்க. நம்ம வீட்டுக்குப் போவோம்."

திரும்பிப் பார்க்காமல் பூட்டிக்கொண்டு இறங்கினாள். படிக்கட்டில் தனக்குப் பின்னாலேயே நான் இறங்கி வருகிற சத்தம் கேட்டதாக ரொம்ப நாள் கழித்துச் சொன்னாள்.

நான் எதிர்க் கடையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு வந்த பிறகு எனக்கு வேலை போடியில், இவாஞ்சலினின் கணவர் காமராஜ் நடத்துகிற ஏலக்காய்க் கமிஷன் கடையில். அந்தத் தெருவுக்கு மூக்கை நம்பியே வந்து சேரலாம். முதல் நாள் காமராஜ் கை நிறையக் காயை எடுத்து, கசக்கி, என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"எப்படி சகலை?"

"ஒண்ணும் தெரியல சகலை."

"கொரோனாவா?"

"அது வந்துட்டுப் போயி எவ்வளவு நாளாச்சு!"

"அது போயிருச்சு. போறப்ப மூக்கையும் கூட்டிக்கிட்டுப் போயிருச்சு போல."

கடையே சிரித்தது. நானும் சிரிக்க வேண்டிய இடம் என்பது தெரிந்ததால் சிரித்தேன். என் ஜோக்குக்கு அடுத்தவன் அப்படித்தான் சிரிப்பான் என்பது எனக்குப் பழக்கமான விஷயம். அடுத்தவன் ஜோக்குக்கு நான் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா, உறைப்பு இருக்கிறதா என்று ஷீலா கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வெயில் உறைக்கவில்லை. சாயந்திரமானால் ஷீலா கையையும் காலையும் மாறி மாறி அடித்துக்கொள்வாள். என்மேல் ஒரு கொசு உட்காராது. கொசு கடிக்கவில்லை என்று எந்த டாக்டரிடம் போய்ச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை சபையில் வாயைத் திறந்தேன், பாட்டு வரவில்லை. அந்த ஊரை நினைத்துப் பார்த்தால் அழுகையாவது வரும் என்று நினைத்துப் பார்த்தேன். பாலத்தை நினைத்தேன். இரும்பு. ஆற்றை நினைத்தேன். தண்ணீர்.

இதற்கிடையில் மேற்கு ஜன்னலுக்குக் கீழே தரை நனைய ஆரம்பித்திருந்தது. சுற்றி எல்லாம் காய்ந்து கிடக்கும். அந்த இடம் மட்டும் சில்லென்று ஈரமாக இருக்கும். துடைத்தால் மறுநாள் திரும்ப வரும். ஷீலா பிளம்பர் தங்கபாண்டியைக் கூப்பிட்டாள். அவர் சுவரைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார்.

"இந்தச் சொவத்துல பைப்பே இல்லையே சார். எங்கிட்டிருந்து வருது தண்ணி?"

"அதக் கேக்கத்தானே உங்களக் கூப்பிட்டோம்."

ஈரத்தில் விரலைத் தொட்டு, எந்தக் கூச்சமும் இல்லாமல் நாக்கில் வைத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"உப்பாருக்கு சார்."

"சுண்ணாம்பா இருக்கும்."

"மாமனார் வீடு ராமேஸ்வரம் சார் எனக்கு. இது கடத்தண்ணி." சொல்லிவிட்டு ஷீலா பக்கம் திரும்பினார். "ஏத்தா, இங்கன யாரு நின்னது?"

அப்போதுதான் நாங்களும் பார்த்தோம். ஈரம் தேங்கிக் கிடக்கவில்லை.

இரண்டு பாதங்கள்.

பிரம்பு நாற்காலிக்கு முன்னால், பக்கத்தில் பக்கத்தில், விரல்கள் ஜன்னலைப் பார்த்து.

தங்கபாண்டி பையை எடுத்துக்கொண்டு கூலிகூடக் கேட்காமல் போனார். கேட்டைத் தாண்டும்போது அவர் ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இன்னொன்றை மறுநாள் அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜன்னல் வழியாக வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம். கடையில் அன்று காய் ஏலம் நடக்காததால் சீக்கிரமே கிளம்பினேன். பஸ் கிடைக்காமல் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தேன். தெரு வெயிலில் அடங்கிக் கிடந்தது. நாய்கள்கூட நிழல் தேடிப் போய்விட்டன. கதவு ஒருக்களித்திருந்தது. அடுப்படியிலிருந்து ஷீலாவின் குரல். யாரிடமோ பேசிக்கொண்டே காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஜான்சி ஹாஸ்டலில் சரியாகச் சாப்பிடுவதில்லை, அக்கா தொட்டதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிறாள், கேஸ் இன்னும் வரவில்லை, அந்த ஊர் ரொட்டியை நினைத்தால் நாக்கில் தண்ணீர் ஊறுகிறது என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது பேச்சு. டீயோடு வெளியே வந்தவள் வாசலில் என்னைப் பார்த்தாள். என் கையில் இருந்த பையைப் பார்த்தாள். என் காலில் இருந்த செருப்பைப் பார்த்தாள்.

"இப்பத்தான் வாரீகளா?"

"ஆமா. பஸ்ஸு இல்ல."

டம்ளரை அப்படியே தரையில் வைத்தாள்.

"அப்ப இவ்வளவு நேரமா உள்ள..."

என் கையைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னாள். ஆள் முன்னாடியே வந்துவிட்டதாம். நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததாம். தோள் தெரிந்தது, நரைத்த பின்னந்தலை தெரிந்தது. நான்தான் சீக்கிரம் வந்துவிட்டேன் என்று நினைத்து அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"உம் உம்னு கேட்டுக்கிட்டே இருந்தாக. நடுவுல ஒரு கிண்டல் இல்ல. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்."

இருவரும் ஜன்னல் பக்கம் பார்த்தோம்.

நாற்காலி காலியாக இருந்தது.

ஆனால் அதன் இருக்கை குழிந்திருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிரம்பு ஒவ்வொன்றாக முனகிக்கொண்டு, மெல்ல மெல்ல மேலே எழும்பியது. அப்போதுதான் யாரோ எழுந்த மாதிரி.

வெளியே காலி மனையின் மேல், வெயிலுக்கு நடுவில், ஒரு கடற்காகம் கத்தியது.

தேனியிலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"பயமா இல்லையா உங்களுக்கு?"

நிஜமாகவே யோசித்துப் பார்த்தேன்.

"இல்ல."

நாற்காலியைப் பார்த்த பார்வையைவிட, அப்போது ஷீலா என்னைப் பார்த்த பார்வை மோசமாக இருந்தது.

தோனா கிராசாவிடமிருந்து போன் வந்தது அதற்குப் பிறகு. போர்த்தோவில் எங்களுக்குக் கீழ்மாடியில் இருந்த அம்மாள்; தோனா என்பது அங்கே மரியாதைக்குச் சேர்ப்பது. எழுபதைத் தாண்டியவர், முழங்கால் வலி. காலையில் படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் அவர்கள் பாஷையில், "இன்னைக்கும் ஓட்டப்பந்தயமா, கிராசா?" என்று கேட்பேன். "நீ முன்னால் ஓடு, நான் பிடிக்கிறேன்" என்பார். எங்கள் நட்பு முழுக்க இந்த இரண்டு வாக்கியம்தான். பன்னிரண்டு வருஷம் அது அலுக்கவே இல்லை.

வீடியோவில் முகம் வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, ஸ்டீவன் எப்போது செத்தான் என்பது.

"இவுக இங்கதான் இருக்காக" என்று மீன் மார்க்கெட்டில் கற்ற போர்ச்சுகீசில் பதறினாள் ஷீலா. நான் பக்கத்திலிருந்து கையை ஆட்டினேன். கிராசா சந்தோஷப்படவில்லை. சிலுவை போட்டுக்கொண்டார்.

எங்களுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு ஒரு இளம் ஜோடி வந்ததாம். அடுப்பே பற்ற வைக்காத நேரத்தில் கடுகு தாளிக்கிற வாசனை. குளியலறையில் யாரோ புரியாத பாஷையில், சுதி சேராமல் பாடுகிற சத்தம். பெட்டி படுக்கையோடு ஓடிவிட்டார்கள். கிராசா அதை நம்பவில்லை. ஆனால் முந்தாநாள் காலையில் படியிறங்கும்போது அவருக்குப் பின்னாலிருந்து, "இன்னைக்கும் ஓட்டப்பந்தயமா, கிராசா?"

"நீ முன்னால் ஓடு" என்று பழக்கத்தில் பதில் சொல்லிவிட்டு, இரண்டு படி இறங்கின பிறகுதான் அவருக்கு நாங்கள் ஊருக்குப் போய்விட்டது நினைவு வந்திருக்கிறது.

திரும்பிப் பார்த்தார். படிக்கட்டில் யாரும் இல்லை.

இன்னொன்றும் சொன்னார். எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் அன்செல்மோ என்று ஒரு பெரியவர் இருந்தார். மனைவி போன பிறகு தனியாகவே இருந்து, ஆற்றைப் பார்த்த ஜன்னல் ஓரத்தில் நாற்காலியிலேயே இறந்துபோனவர். தினம் சாயந்திரம் மேலே நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்கும். செத்த பிறகும் கேட்டதாம். நாங்கள் இருந்தபோதும் கேட்டதாம். "உங்களிடம் சொல்லவில்லை. நல்ல மனிதர்கள், ஓடிவிடுவீர்களே என்று." நாங்கள் கிளம்பின நாளோடு அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் இவாஞ்சலின் போடியிலிருந்து வந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு, கேட்டாள்.

"எல்லாரையும் பேரு சொல்லித்தானேடி கூப்பிட்ட?"

"ஜான்சியக் கூப்பிட்டேன். என்னையக் கூப்பிட்டேன்."

"தம்பிய?"

ஷீலா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "ஏங்கன்னு கூப்பிட்டேன்."

"அடி கூறு கெட்டவளே! ஏங்கன்னு கூப்பிட்டா உலகத்துல இருக்கிற எந்த ஆம்பளையும் திரும்பிப் பாப்பானேடி!"

"பாவம்க்கா. அந்த மனுசன எத்தன வருசமா யாருமே கூப்பிடலையோ."

"அவருக்குப் பாவம் பாக்கிற நேரமா இது? தம்பியப் பாரு. அம்மா என்ன சொல்லும்? ரொம்ப நாள் விட்டா உசுரு அங்கனயே வேர் புடிச்சிரும். ஒடம்பு இங்கன சும்மா நடமாடிக்கிட்டு இருக்கும். அப்புறம் ஒருநா அதுவும் நின்னுரும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

"டீ குடிக்கிறீகளா மதினி?" என்றேன்.

ஷீலா அழ ஆரம்பித்தாள்.

அந்த இடத்தில் நின்று பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அந்த இடத்துக்குப் போக விசா வேண்டும், டிக்கெட் வேண்டும். இவாஞ்சலின்தான் போனைக் காட்டினாள். அன்று சாயந்திரம் எங்களுக்கு வெயில் மலைக்குப் பின்னால் இறங்குகிற நேரம், அங்கே மத்தியானம். கிராசா முழங்காலைத் திட்டிக்கொண்டே மூன்றாம் மாடிக்கு ஏறி, தன்னிடமிருந்த மாற்றுச் சாவியால் திறந்து, போனை அறையின் நடுவில் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுப் படிக்கட்டுக்குப் போய் நின்றுகொண்டார். திரையில் காலி அறை தெரிந்தது. பலகைத் தரை. மூடின ஜன்னல். கண்ணாடியில் ஆற்றின் வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு வருஷம் நான் காலை மடக்கிப் படுத்திருந்த இடம்.

இங்கே வீட்டுக்குள் இருட்டு கட்ட ஆரம்பித்தது. யாரும் எழுந்து விளக்கைப் போடவில்லை.

"கூப்பிடு" என்றாள் இவாஞ்சலின்.

"வாய் வரமாட்டேங்குது."

"சபையில அப்போஸ்தலர் நடபடிகள் வாசிக்கையில ஸ்தேவான் ஸ்தேவான்னு எத்தன தரம் வாசிக்கிற? அதே பேருதானேடி!"

"அது ஸ்தேவான். இது இவுக பேராச்சே."

கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ஸ்டீவன்."

என் பேர் அவள் வாயில் எப்படி இருக்கும் என்று நான் கற்பனை பண்ணிப் பார்த்ததே இல்லை. நன்றாகத்தான் இருந்தது. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

"ஸ்டீவன். வா. வீட்டுக்குப் போவோம்."

போனில் ஒன்றும் இல்லை. தூரத்தில் கடற்காகங்கள்.

பிறகு, செருப்புச் சத்தம்.

இடது காலை லேசாக இழுத்து இழுத்து வருகிற நடை. அந்த நடைக்காகப் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பட்டப்பேரே உண்டு. சத்தம் அடுப்படிப் பக்கமிருந்து வந்தது. தரைப் பலகைகள் ஒவ்வொன்றாக முனகின. போனுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

திரையில் காலி அறை மட்டும்தான்.

யாரோ சிரித்தார்கள். சரியாகச் சொன்னால், நான் சிரித்தேன். அங்கே.

"அட! பேரெல்லாம் சொல்ற!"

இவாஞ்சலின் வாயைப் பொத்திக்கொண்டாள். ஷீலா கண்ணைத் திறக்கவில்லை.

"வா ஸ்டீவன். போதும். வீட்டுக்குப் போவோம்."

ஆற்றில் ஏதோ படகு ஊதியது.

"நீ போம்மா" என்றது என் குரல். கிண்டல் இல்லாமல் நான் பேசினால் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. "நான் இங்கனயே இருக்கேன். கோவிச்சுக்காத. இங்கன நல்லாருக்கு."

திரையில் ஜன்னல் தானாகத் திறந்தது. வெளிச்சம் வெள்ளையாக அடித்தது. போன் அணைந்துவிட்டது.

கிராசாவுக்குப் பேச்சுக் குரல் எதுவும் கேட்கவில்லையாம். ஜன்னல் திறந்த சத்தம் மட்டும்தான் கேட்டதாம்.

அதற்குப் பிறகும் ஷீலா விடவில்லை. பல நாள் கூப்பிட்டுப் பார்த்தாள். கெஞ்சினாள், ஜான்சி பேரைச் சொன்னாள், ஒருநாள் திட்டவும் செய்தாள். பதில் வரவில்லை. ஒரு சாயந்திரம் போனை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னையவிட ஊரு பெருசாப் போச்சு பாத்தீகளா அவுகளுக்கு."

என்னைப் பற்றி என்னிடமே புகார் சொல்கிறாள். நானும் தலையாட்டினேன். அங்கே இருக்கிறவன்மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அவள்மேல் பரிதாபம் வந்திருக்க வேண்டும். நல்லாருக்கு என்று அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அதை வெளியே சொல்லக் கூடாது என்கிற அளவுக்கு எனக்கு இன்னும் புத்தி இருந்தது.

இவாஞ்சலின் பாஸ்டரைக் கூட்டி வந்து, நாற்காலியில் இருப்பவரையாவது துரத்தலாம் என்றாள்.

"நான் வாங்கன்னு கூப்பிட்டு வந்தவரு, அக்கா. ஆளு தெரியாத ஊருல வாசலுக்கு வெளிய தள்ளச் சொல்றியா?"

"அப்ப தம்பி?"

"இவுகளுக்கா மனசு வந்து வரட்டும்."

வரவில்லை. இப்போதெல்லாம் பஸ்ஸில் கண்டக்டர் என்னிடம் டிக்கெட் கேட்க மறந்துவிடுகிறார். கடையில் காமராஜ் டீ சொல்லும்போது என் கணக்கை விட்டுவிடுகிறார். பிறகு, "அட, நீங்க இருக்கீகளா சகலை" என்று நெற்றியில் அடித்துக்கொள்கிறார். அவர்மேல் தப்பில்லை. உட்கார்ந்திருக்கிறேன் என்பதைத் தவிர அங்கே நான் வேறொன்றும் செய்வதில்லை.

ஷீலா மட்டும் கொஞ்சம் தேறியிருக்கிறாள். மத்தியானங்களில் காய் நறுக்கிக்கொண்டே பேசுகிறாள். ஒருநாள் வாசல்வரைக்கும் அவள் சிரிப்பு கேட்டது. ஊருக்கு வந்த பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான். உள்ளே போகாமல் தெருவில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தேன். நல்ல சிரிப்பு நடக்கிற இடத்தில் குறுக்கே போகக் கூடாது என்பது ஜோக்கடிக்கிறவர்களின் தொழில் தர்மம்.

நேற்று அவள் போடிக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். நான் மத்தியானமே திரும்பிவிட்டேன். பூட்டைத் திறந்து, கதவைத் தள்ளினேன். உள்ளே குளிர்ந்த இருட்டு. வெளியே இருந்த வெயில் வாசற்படியோடு நின்றுவிட்டது. கண் பழகுவதற்காக அங்கேயே நின்றேன்.

உள்ளேயிருந்து தொண்டையைச் செருமுகிற சத்தம் வந்தது.

பிறகு ஒரு குரல். வயதான குரல். பழக்கமில்லாத நாக்கு ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவிப் பிடித்த தமிழ்.

"வாங்க."

கொஞ்சம் யோசித்து, மரியாதை குறைந்துவிடக் கூடாதே என்கிற மாதிரி, அதுவே சேர்த்துச் சொன்னது.

"உக்காருங்க."

செருப்பைக் கழற்றினேன். வந்த வீட்டில் எங்கே உட்காருவது என்று தெரியாதவனைப் போல, வாசலுக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

அடுப்படியில் யாரோ எனக்காக ஒரு டம்ளரை எடுத்தார்கள்.